ஓய்வுபெறப் போகும் ஆசிரியரின் பணிப்பதிவேட்டைச் சரிபார்ப்பது எப்படி?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் ஓய்வு வயது 60 என்பதால், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ 59 தொடங்கும்போதே, பிள்ளைகள் உடன் அமர்ந்து பணிப்பதிவேட்டின் நகலைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிடுவது நல்லது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல்தான் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. ஆகவே 1990களில் தேன்கனிக்கோட்டையிலோ ஊத்தங்கரையிலோ பணியில் சேர்ந்தவரின் தொடக்கப் பக்கங்களில் தருமபுரி மாவட்டம் என்றிருப்பது பிழையன்று.

பார்க்க வேண்டியது விடுப்புப் பதிவுகளையும் கையொப்பங்களையும்தான். என் அம்மாவின் பதிவேட்டில், மகப்பேறு விடுப்பு முடிந்து பணியில் சேர்ந்த நாளுக்கு எதிரே கையொப்பமே இல்லை; அன்றைய தலைமையாசிரியர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்ததால், பழைய ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பரணிலிருந்து இறக்கிச் சான்று பெறுவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. "அதெல்லாம் சரியாகத்தான் இருக்கும்" என்றவர் அம்மா. ஊரார் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியவர்கள் தம் தாளைப் புரட்டுவதில்லை.

2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியத் திட்டமும், பின் சேர்ந்தவருக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமும் என்று வந்ததால், சேர்ந்த தேதி தெளிவாக இருக்க வேண்டும். ஈட்டிய விடுப்பில் 240 நாள் வரை பணமாகப் பெறலாம் என்பதால் இருப்புக் கணக்கையும் கூட்டிப் பாருங்கள். பெயரும் முதலெழுத்தும் ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். குடும்ப ஓய்வூதியத்துக்காகக் கணவன் மனைவி சேர்ந்து எடுத்த புகைப்படத்தையும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.