குளிர்காலத்துல குடும்பத்தோட மோட்டார்ஹோம்ல தென் ஐரோப்பா போறவங்களுக்கு

டிசம்பர் ஜனவரியில ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, கிரீஸ் பக்கம் மோட்டார்ஹோம்ல (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளயே இருக்கற வண்டி) போகலாம்னு நினைக்கிறவங்க எல்லாரும் முதல்ல மேப்ல எவ்வளவு தெற்கால இறங்குறோம்னுதான் பாப்பாங்க, ஆனா அதை விட முக்கியமா பாக்க வேண்டியது கடல் மட்டத்துல இருந்து எவ்வளவு உயரத்துல ராத்திரி தூங்கப் போறோம்ங்கறதுதான். மாலகாவுல ஜனவரியில பகல்ல 17 டிகிரி வரும், ராத்திரி ஏழு எட்டுக்குக் கீழ அவ்வளவா இறங்காது. அங்கிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள போற தூரம்தான் கிரனாடா, ஆனா அது 700 மீட்டர் உயரத்துல இருக்கு, ராத்திரி பூஜ்யத்தைத் தொட்டுடும். புர்கோஸ், டெருவேல் மாதிரி ஊரெல்லாம் 850, 900 மீட்டர்ல இருக்கு, ஸ்பெயின்தானே வெயிலா இருக்கும்னு அங்க போய் ராத்திரி நிறுத்தினா டேங்க்ல தண்ணி உறைஞ்சிடும். ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு ஏழு டிகிரி குறையும், இந்த ஒரு கணக்கை மனசுல வெச்சு ரூட் போடுங்க. மலை ஊர் பாக்கணும்னா பகல்ல ஏறிப் பாத்துட்டு ராத்திரிக்குக் கடலோரம் இறங்கிடுங்க. கிரனாடாவுல அல்ஹம்ப்ரா அரண்மனை பாத்துட்டு (டிக்கெட் முன்னாடியே புக் பண்ணணும்) ஏ-44 பிடிச்சா ஒரு மணி நேரத்துல மோத்ரில், கடல் வந்துடும்.

பிரான்ஸ் வழியா ஸ்பெயினுக்கு இறங்குறவங்களுக்கு என் சிபாரிசு பெர்பிஞான், பார்சிலோனா, வலென்சியான்னு போற கடலோர ரூட்தான். போர்ச்சுகலுக்குப் போக பிரான்ஸோட போர்தோ, அப்புறம் புர்கோஸ் வழி கிலோமீட்டர் கம்மிதான், ஆனா ஸ்பெயினுக்குள்ள அது பெரும்பாலும் மேட்டு நிலம், பனி, மூடுபனி எல்லாம் வரும், சின்னப் பசங்களோட அதுல மாட்ட வேண்டாம். கடலோர ஏபி-7 ஹைவேல பிரான்ஸ் எல்லையில இருந்து அலிகாண்டே வரைக்கும் 2021-க்கு அப்புறம் டோலும் கிடையாது. ஒண்ணு மட்டும், அந்த ஹைவே ஓர சர்வீஸ் ஏரியாவுல ராத்திரி தூங்காதீங்க, வண்டியை உடைச்சுத் திருடுறது அங்க அடிக்கடி நடக்குது. பத்து நிமிஷம் உள்ள தள்ளி ஒரு ஊருக்குள்ள போயிடுங்க.

எந்த நாடுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி சூரியன் எத்தனை மணிக்கு இறங்குதுன்னு பாருங்க, பசங்க இருந்தா இது ரொம்பப் பெரிய விஷயம். டிசம்பர்ல இத்தாலியோட லெச்சே பக்கம் நாலரைக்கு முன்னாடியே இருட்டத் தொடங்கும், ஏதென்ஸ்ல அஞ்சு மணி சுமார், செவில்ல ஆறு மணி தாண்டித்தான் சூரியன் இறங்கும், ஏன்னா ஸ்பெயின் மேற்கு ஓரத்துல இருந்தாலும் கடிகாரம் மத்திய ஐரோப்பா நேரத்துல ஓடுது. பதிலுக்கு அங்க காலையில விடிய எட்டரை ஆகும், குழந்தைங்களும் கொஞ்சம் தூங்குவாங்க. நாலரைக்கே இருட்டி தூங்கப் போற வரைக்கும் ரெண்டு பசங்களை ஏழு மீட்டர் வண்டிக்குள்ள வெச்சிருக்கறதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. அதனால முதல் தடவை போற குடும்பத்துக்கு ஸ்பெயினோட தென்கிழக்குக் கடற்கரை, அலிகாண்டேல இருந்து அல்மேரியா வரைக்கும், இதைத்தான் சொல்லுவேன். அல்மேரியா பக்கம் காபோ டி காட்டா ஐரோப்பாவுலயே மழை ரொம்பக் கம்மியான இடங்கள்ல ஒண்ணு, பசங்க மண்ல விளையாடிட்டே இருக்கலாம்.

அடுத்தது கேஸ், இதுலதான் நிறைய பேர் திணறுறாங்க. பியூட்டேன் பூஜ்யம் டிகிரி கிட்ட வந்தா ஆவியாகாது, சிலிண்டர்ல கேஸ் இருக்கும் ஆனா ஹீட்டர் எரியாது. புரொப்பேன் மைனஸ் 40 வரைக்கும் வேலை செய்யும், அதனால குளிருக்கு புரொப்பேன்தான். சிக்கல் என்னன்னா ஒவ்வொரு நாட்டுலயும் சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாம் வேற வேற, நம்ம சிலிண்டரை ஸ்பெயின்ல கொண்டுபோய் மாத்திக்கவே முடியாது, அங்க எங்க பாத்தாலும் கிடைக்கிற ஆரஞ்சு சிலிண்டர் பியூட்டேன். ஒரு மாசத்துக்கு மேல சுத்தப் போறீங்கன்னா பெட்ரோல் பங்க்லயே எல்பிஜி ரொப்புற மாதிரி டேங்க்கோ சிலிண்டரோ மாட்டிக்கிறது நல்லது. பிரான்ஸ், இத்தாலியில ஜிபிஎல்னு போர்டு இருக்கும், ஸ்பெயின்ல ஜிஎல்பி. ரொப்புற வாய்க்கு அடாப்டர் வேணும், பிரான்ஸ் இத்தாலிக்கு ஒரு மாதிரி, ஸ்பெயினுக்கு வேற மாதிரி, கிளம்புறதுக்கு முன்னாடியே செட்டா வாங்கி வெச்சுக்கோங்க. டீசல் ஹீட்டர் இருக்கற வண்டின்னா இந்தத் தலைவலியில பாதி கிடையாது. எந்த ஹீட்டரா இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாம ஒரு ராத்திரி கூடத் தூங்காதீங்க, குளிருதுன்னு கேஸ் அடுப்பைப் பத்த வெச்சு வண்டியைச் சூடாக்கறது உயிருக்கே ஆபத்து, இதுல சமாதானமே கிடையாது.

வண்டியில ட்ரூமா கம்பெனி பாய்லர் (சுடுதண்ணி போடுறது) வெச்சிருக்கறவங்க இன்னொண்ணு தெரிஞ்சுக்கோங்க. உள்ள வெப்பம் மூணு டிகிரி கிட்ட வந்துட்டா அதுல இருக்கற வால்வு தானா திறந்து பாய்லர் தண்ணியை எல்லாம் கீழ கொட்டிடும், உறைஞ்சு வெடிக்காம இருக்கறதுக்காக. ஹீட்டரை ஆஃப் பண்ணிட்டு நாள் முழுக்க குளிர் ஊர்ல சுத்திட்டு வந்தா தண்ணி கீழ ஓடியிருக்கும். அது ரிப்பேர் இல்லை, வண்டியைச் சூடாக்கிட்டு வால்வை மறுபடி மூடினா போதும். அழுக்குத் தண்ணி டேங்க் பெரும்பாலும் வண்டிக்கு அடியில வெளியதான் இருக்கும், உறையற ராத்திரின்னா குழாயைத் திறந்து கீழ ஒரு பக்கெட் வெச்சிடுங்க, காலையில முறையா ஊத்துற இடத்துல ஊத்துங்க.

குளிரை விட ஈரம்தான் ஆளைப் படுத்தும். நாலு பேர் மூச்சு, நனைஞ்ச ஜாக்கெட், சாதம் வடிக்கிற ஆவி எல்லாம் சேர்ந்து காலையில கண்ணாடி முழுக்கத் தண்ணி வழியும், மெத்தைக்கு அடியில பூஞ்சை பிடிக்கும். மேல இருக்கற ரூஃப் வென்ட்டைக் கொஞ்சமாத் திறந்தே வைங்க, சூடு போயிடும்னு மூடாதீங்க. முன் கண்ணாடிக்கு உள்பக்கம் போடுற ஸ்கிரீனை விட வெளிப்பக்கம் போடுற தெர்மல் கவர் பல மடங்கு நல்லது, கண்ணாடியே குளிராம இருக்கும், தண்ணி பிடிக்காது. துணியை வண்டிக்குள்ள காயப்போடவே போடாதீங்க, பிரான்ஸ், போர்ச்சுகல்ல சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்லயே காசு போட்டு ஓட்டுற பெரிய வாஷிங் மெஷினும் டிரையரும் நிறைய இடத்துல வெச்சிருப்பாங்க, ஷாப்பிங் முடியறதுக்குள்ள துணி காஞ்சிடும்.

சோலார் பேனலை நம்பி மட்டும் போகாதீங்க. குளிர்காலத்துல சூரியன் தாழ்வா இருக்கும், கூரையில படுத்துக் கிடக்கற பேனலுக்கு கோடைக்கால மின்சாரத்துல கொஞ்சம்தான் கிடைக்கும், ஹீட்டர் ஃபேன், லைட், பசங்க டேப்லெட் எல்லாம் ராத்திரி முழுக்க இழுக்கும். மூணு நாளைக்கு ஒருக்க கரண்ட் இருக்கற கேம்ப்சைட்ல நிறுத்துங்க. லித்தியம் பேட்டரின்னா பூஜ்யத்துக்குக் கீழ சார்ஜ் ஏத்தக் கூடாது, கெட்டுடும். கேம்ப்சைட் கரண்ட்ல எத்தனை ஆம்பியர்னு கேட்டுக்கோங்க, 6 ஆம்பியர்னா சுமார் 1380 வாட்தான், 2000 வாட் கெட்டில் போட்டா டிரிப் ஆகிடும்.

சட்டம் பக்கம் வேகமா சொல்லிடறேன். இத்தாலியில அதுக்குன்னு போர்டு வெச்ச ரோட்டுல பொதுவா நவம்பர் 15-ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் வின்டர் டயரோ, வண்டியில செயினோ கட்டாயம். பிரான்ஸ் மலைப் பகுதியில நவம்பர் 1-ல இருந்து மார்ச் 31 வரைக்கும் அதே மாதிரி. இத்தாலியில நகரத்துக்கு நடுவுல இசட்டிஎல் (அனுமதி இல்லாத வண்டி நுழையக் கூடாத பகுதி) போர்டு கண்டா உள்ள போகவே போகாதீங்க, கேமரா படம் எடுத்து அபராதம் வீட்டுக்கே வரும். ஸ்பெயின்லயும் இத்தாலியிலயும் பின்னாடி சைக்கிள் தொங்கினா சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட போர்டு மாட்டணும். குழந்தை சீட்டுக்கு ஸ்பெயின்ல 135 சென்டிமீட்டர் உயரம் வரைக்கும், இத்தாலியில 150 வரைக்கும். பிரிட்டன் பாஸ்போர்ட்காரங்க ஷெங்கன்ல (ஒரே விசாவுல சுத்தக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாள்லயும் 90 நாள்தான் இருக்கலாம், 2025 அக்டோபர்ல இருந்து எல்லையில கம்ப்யூட்டர்லயே பதிவு பண்ணத் தொடங்கிட்டாங்க, எண்ணிக்கையில ஏமாத்த முடியாது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டோட பிரிட்டன்ல இருக்கறவங்களுக்கு விசாவும் வேணும், குளிர்கால லீவுக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரமே தேடுங்க.

ராத்திரி எங்க நிறுத்தலாம்ங்கறது நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயின்ல பார்க்கிங் பண்ற இடத்துல வண்டிக்குள்ள தூங்கறது பொதுவா தப்பில்லை, ஆனா வெளிய நாற்காலி, ஆனிங் (வண்டிப் பக்கத்துல விரிக்கிற நிழல் துணி), சக்கரத்துக்கு அடியில கட்டை எதுவும் போட்டா அது கேம்பிங் ஆகிடும், அபராதம் போடுவாங்க. போர்ச்சுகல்ல 2021 சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியிலயும் கடலோர மண்டலத்துலயும் ராத்திரி தங்கக் கூடாது, மத்த இடத்துல ஒரே நகராட்சிக்குள்ள 48 மணி நேரம்தான். குடும்பத்தோட போறப்ப ராத்திரி ஒரு மணிக்கு போலீஸ் கதவைத் தட்டி பசங்களை எழுப்புறது நமக்கு எதுக்கு, மோட்டார்ஹோமுக்குன்னே இருக்கற ஏரியாவுக்கோ கேம்ப்சைட்டுக்கோ போயிடுங்க. பார்க்4நைட், கேம்பர்கான்டாக்ட் ஆப்ல எல்லாம் இருக்கும். ஆனா திறந்திருக்கான்னு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க, இத்தாலி, கிரீஸ், தெற்கு பிரான்ஸ்ல நிறைய கேம்ப்சைட் நவம்பர்ல மூடினா ஈஸ்டருக்குத்தான் திறக்கும், சில இடத்துல தண்ணிக் குழாயையும் அடைச்சிடுவாங்க. ஸ்பெயினோட பெனிடோர்ம், போர்ச்சுகலோட அல்கார்வ் பக்கம் தலைகீழ், வட ஐரோப்பா பென்ஷன்காரங்க மாசக்கணக்குல வந்து தங்கறதால இடமே கிடைக்காது, முன்னாடியே புக் பண்ணுங்க. அங்க ஒரு வாரம் பத்து நாள்னு தங்கினா வாடகை நல்லாக் குறையும், தினமும் இடம் மாத்துறதை விட பசங்களுக்கும் அதுதான் பிடிக்கும். இத்தாலியில இருந்து கிரீஸுக்கு ஃபெரியில போறவங்க, கோடையில மாதிரி டெக்ல வண்டிக்குள்ளயே தூங்க குளிர்காலத்துல விட மாட்டாங்க, கேபின் காசையும் பட்ஜெட்ல சேருங்க.

ஸ்பெயின்ல ஜனவரி 5 சாயந்திரம் எந்த ஊர்ல இருந்தாலும் பசங்களைக் கூட்டிட்டு வெளிய வந்துடுங்க, மூணு ராஜாக்கள் ஊர்வலம் வரும், தேர்ல இருந்து மிட்டாய் அள்ளி வீசுவாங்க, ஒரு பை கையில குடுத்து விடுங்க. அலிகாண்டே பக்கம் இருக்கற அல்காய் ஊர்வலம் 1800-கள்ல இருந்தே நடக்கறது, ரொம்ப அழகு, ஆனா அந்த ஊர் 500 மீட்டருக்கு மேல இருக்கு, பாத்துட்டு அலிகாண்டே இறங்கிடுங்க. மறுநாள் 6-ம் தேதி கடையெல்லாம் லீவு, பாலும் ரொட்டியும் முந்தின நாளே வாங்கிடணும். பிப்ரவரி வரைக்கும் இருக்க முடிஞ்சா அலிகாண்டே உள்பக்கம் ஹலோன் பள்ளத்தாக்குல பாதாம் பூக்கிறதைப் பாருங்க, வெள்ளையும் ரோஸுமா மலையே மாறிடும்.

திரும்பி வடக்கால வர்றப்ப டீசல் விஷயத்தை மறந்துடாதீங்க. தெற்குக் கடலோரத்துல ரொப்புற டீசல் அந்த ஊர் குளிருக்கு ஏத்த மாதிரி இருக்கும், அதே ஃபுல் டேங்க்கோட ஆல்ப்ஸ் பக்கம் மைனஸ் 15-ல ராத்திரி நிறுத்தினா டீசல்ல மெழுகு கட்டி ஃபில்டர் அடைச்சிடும். அதனால தெற்குல கால் டேங்க் மட்டும் வர்ற மாதிரி ஓட்டிட்டு வந்து, மலை ஏறுறதுக்கு முன்னாடி குளிர் ஊர் பங்க்ல ஃபுல்லா ரொப்பிட்டு, இருபது கிலோமீட்டராவது ஓட்டின அப்புறம் வண்டியை நிறுத்துங்க, அப்பதான் புது டீசல் பைப்புக்குள்ள வந்திருக்கும்.