உரிமையை விளம்பக் கோரும் வழக்கு: முதன்முறையாகத் தயாரிப்பவர்களுக்கு

ஒரு சொத்து யாருக்குப் பாத்தியப்பட்டது, ஓர் ஆவணம் யாரைக் கட்டுப்படுத்தும் என்பது போன்ற தகராறுகளில் சட்டநிலை இன்னதுதான் என்று நீதிமன்றம் அறிவிப்பதே விளம்புகைத் தீர்ப்பு. அது எவரையும் வெளியேறும்படியோ பணம் கொடுக்கும்படியோ ஆணையிடுவதில்லை. இதை மறந்ததால், பத்திரங்களைப் பழுதில்லாமல் வைத்திருந்தவர்களும் வழக்கில் தோற்றதுண்டு. இந்தியச் சட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு படிகளை விளக்குகிறேன்.

முதல் படி: தகராறு பிறந்துவிட்டதா என்று பாருங்கள். கேள்வி உண்மையானதாக இருக்க வேண்டும். கேட்பவருக்கு அதில் மெய்யான அக்கறை இருக்க வேண்டும். எதிர்த்து வாதிடத் தக்க ஒருவரும் இருக்க வேண்டும். அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1921-இல் ஒரு வழக்கில் கூறிய இந்த மூன்று அளவுகோல்களும் தொடக்கநிலையில் இருப்பவருக்கு இன்றும் நல்ல வழிகாட்டி. பக்கத்து மனைக்காரர் என்றாவது உரிமை கொண்டாடுவார் என்ற அச்சம் மட்டும் போதாது. அவர் உங்கள் மனையையும் சேர்த்துக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தாலோ, நோட்டீஸுக்கு அனுப்பிய பதிலில் உங்கள் உரிமையை மறுத்திருந்தாலோ வழக்கு மூலம், அதாவது வழக்கிடுவதற்கான காரணம், எழுந்துவிட்டது.

இரண்டாம் படி: அந்த மறுப்பின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் 58-ஆவது பிரிவுக்கூறு, விளம்புகை கோர மூன்று ஆண்டுகளே தருகிறது. அதுவும் வழக்கிடும் உரிமை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து. பிறகு வந்த மறுப்புகளைக் காட்டிக் கணக்கைப் புதிதாகத் தொடங்க முடியாது.

மூன்றாம் படி: மூலப் பத்திரம் முதல் உங்கள் பத்திரம் வரை உரிமை கைமாறிய வரிசையை அடுக்குங்கள். மெய்ப்பிக்கும் பொறுப்பு வாதியுடையது. பிரதிவாதியின் பத்திரத்தில் ஓட்டை இருப்பதால் மட்டும் வாதியின் உரிமை நிலைநாட்டப்பட்டுவிடாது. சொத்து விவரத்தில் நான்கெல்லையும் அளவும் பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும்.

நான்காம் படி, வழக்குரையின் (வாதி தாக்கல் செய்யும் மனுவின்) கடைசியில், நீதிமன்றத்திடம் வேண்டுவதைச் சொல்லும் பரிகாரப் பத்தி. சட்டத்தின் நுணுக்கம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் (Specific Relief Act), தன் 34-ஆவது பிரிவில் விளம்புகை கோரும் உரிமையை அளித்துவிட்டு, அதே பிரிவின் வரம்புரையில் ஒரு தடையையும் வைத்திருக்கிறது: மேற்கொண்டு பரிகாரம் கேட்கக்கூடிய நிலையிலிருந்தும் அதைக் கேட்காமல் விட்ட வாதிக்கு நீதிமன்றம் விளம்புகை வழங்கக் கூடாது.

மனை எதிர்த்தரப்பின் சுவாதீனத்தில் (கைவசத்தில்) இருக்கும்போது, ‘தாவா சொத்து வாதிக்குப் பாத்தியப்பட்டது என்று விளம்புகை செய்யும்படி’ என்பதோடு பத்தியை முடித்தால் அந்தத் தடை குறுக்கே வரும். ‘தாவா சொத்து வாதிக்குப் பாத்தியப்பட்டது என்று விளம்புகை செய்தும், அதன் சுவாதீனத்தை வாதியிடம் ஒப்படைக்கப் பிரதிவாதிக்கு உத்தரவிட்டும்’ என்று எழுதினால் பரிகாரம் முழுமை பெறுகிறது. சுவாதீனம் உங்களிடமே இருந்தால், அதில் தலையிடாதிருக்க நிரந்தர உறுத்துக்கட்டளையை, அதாவது தடையாணையை, சேர்த்துக் கேளுங்கள். மாறாக, விளம்புகையை விட்டுவிட்டு உறுத்துக்கட்டளையை மட்டும் கேட்பதும் ஆபத்தே. உரிமைமூலமே ஐயத்துக்குள்ளாகியிருக்கும்போது வெறும் உறுத்துக்கட்டளை வழக்கு போதாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் அனதுலா சுதாகர் வழக்கில் விளக்கியிருக்கிறது. வழக்குரையைப் பின்னர் திருத்த மனு செய்யலாம் என்றாலும், அதற்குள் காலவரையறை கடந்துவிட்டால் சிக்கல்தான்.

வழக்கைத் தாக்கல் செய்யும் முன் பிரதிவாதிகளின் பட்டியலை மீண்டும் படியுங்கள். குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி, விளம்புகை வழக்கின் தரப்பினரையும் அவர்கள் வழியாக உரிமை கோருபவர்களையுமே முக்கியமாகக் கட்டுப்படுத்தும். தகராறு செய்யும் அண்ணனை மட்டும் பிரதிவாதியாக்கி, அதே மனையில் தனக்கும் பங்கு உண்டு என்று சொல்லும் தங்கையைச் சேர்க்காமல் விட்டால், பல ஆண்டுகள் நடத்திப் பெற்ற தீர்ப்பு தங்கையைக் கட்டுப்படுத்தாது. அவர் புதிய வழக்கோடு வரலாம்.