வோஸ்டாக் கிராஃபை வாசிப்பது எப்படி

பருவநிலை மாற்றம் என்று பேச்செடுத்தாலே யாராவது அந்த கிராஃபை நீட்டுவார்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக, ரம்பப் பல் போல இரண்டு கோடுகள்: ஒன்று பழைய வெப்பநிலை, மற்றது அன்றைய காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடு. சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அண்டார்க்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் ரஷ்யா, பிரான்ஸ், அமெரிக்கா மூன்றும் கூட்டாகத் துளைத்தெடுத்த பனி உருளையின் கதை அது. வெளியானது 1999இல். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இதை நடத்தும்போது, கோடுகளை விட்டுவிட்டு முதலில் அச்சைப் பாருங்கள் என்பேன்.

கிடை அச்சில் நம் காலம் எந்தப் பக்கம்? மூலப் படத்தில் இடப்பக்கம். அப்புறம் எடுத்துப் போட்டவர்கள் பலர் அதை வலப்பக்கம் திருப்பிவிட்டார்கள். கவனிக்காவிட்டால் ஏற்றமெல்லாம் இறக்கமாகத் தெரியும். 'இன்றைக்கு முன்' என்று போட்டிருந்தால் அந்த 'இன்று' 1950ஆம் ஆண்டு.

அடுத்து, கார்பன் டை ஆக்சைடு கோட்டை ஒரு தாளால் மறைத்துவிட்டு வெப்பநிலைக் கோட்டை மட்டும் பாருங்கள். அங்கே யாரும் தெர்மாமீட்டர் வைக்கவில்லை. 1952இல் கோபன்ஹேகனில் வில்லி டான்ஸ்கார்ட் என்ற டென்மார்க் விஞ்ஞானி தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பீர் பாட்டிலில் புனல் செருகி மழைநீர் பிடித்தார். அப்படித் தொடங்கிய ஆய்வில் தெரிந்தது இது: கனமான ஆக்சிஜன் கொண்ட நீர், மேகத்திலிருந்து முதலில் விழுந்துவிடுகிறது. குளிர் கூடக் கூட, மிச்சமிருக்கும் மழையிலும் பனியிலும் அதன் அளவு குறைகிறது. இந்தக் கணக்குதான் பனியைப் பழைய வெப்பநிலையின் பதிவேடாக்கியது. வோஸ்டாக்கில் ஆக்சிஜனுக்குப் பதில் கன ஹைட்ரஜனை அளந்தார்கள். படத்தில் மைனஸ் 8 டிகிரி என்றிருந்தால், இன்றையதைவிட 8 டிகிரி குறைவு என்று பொருள்; அதுவும் வோஸ்டாக் வட்டாரத்துக் குளிர். உலகச் சராசரி அவ்வளவு இறங்கவில்லை.

சரி, இப்போது தாளை எடுங்கள். கார்பன் டை ஆக்சைடு பனியில் இல்லை, பனிக்குள் சிக்கிய காற்றுக் குமிழியில் இருக்கிறது. 1965இல் அண்டார்க்டிகாவில் குளிர்காலத்தைக் கழித்த பிரெஞ்சு விஞ்ஞானி குளோட் லோரியஸ், விஸ்கியில் போட்ட பழம்பனியிலிருந்து குமிழிகள் வெடித்து வருவதைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கே வந்தார்.

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். புதிதாக விழுந்த பனிக்குள் காற்று போய்வரும். மேலே பனி சேர்ந்து சேர்ந்து அழுத்தி, சுமார் 100 மீட்டர் ஆழத்தில்தான் குமிழி மூடிக்கொள்கிறது. வோஸ்டாக்கில் பனிப்பொழிவு மிகக் குறைவு. அதற்குள் சில ஆயிரம் ஆண்டுகள் ஓடிவிடும். ஆகவே ஒரே துண்டில் பனிக்கு ஒரு வயது, காற்றுக்கு வேறு வயது. தரவு அட்டவணை பொதுவில் கிடைக்கிறது, முதல் வரியைப் பாருங்கள்: ஆழம் 149.1 மீட்டர், பனியின் வயது 5,679, காற்றின் வயது 2,342, கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 284.7 பங்கு. இடைவெளி 3,337 ஆண்டுகள்!

"வெப்பம் முதலில் ஏறியது, கார்பன் பிறகுதான் வந்தது" என்று யாராவது அடித்துச் சொன்னால், இந்த இடைவெளியை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். அந்தக் கணக்கு கொஞ்சம் மாறினாலே முந்தியது பிந்தியதாகிவிடும். 2013இல் நைட்ரஜன் ஐசோடோப்பை (எடை மாறிய நைட்ரஜன் அணுவை) வைத்து, குமிழி மூடும் ஆழத்தைத் திருத்திக் கணக்கிட்ட ஒரு குழு, கடைசிப் பனியூழி முடிந்தபோது அண்டார்க்டிக் வெப்பமும் கார்பனும் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறின என்று காட்டியது.

அட்டவணையின் அதே முதல் வரி இன்னொன்றும் சொல்கிறது. வோஸ்டாக் காற்றுப் பதிவு 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடு கோட்டின் நுனி செங்குத்தாக, பத்து லட்சத்தில் 420 பங்கைத் தாண்டிப் போனால், அது நேரடிக் காற்று அளவீடுகளிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது. ஒட்டியதில் தப்பில்லை, ஒட்டு எங்கே என்று குறித்திருக்க வேண்டும். பழைய பகுதியில் புள்ளிகள் சராசரியாக ஆயிரம் ஆண்டுக்கும் மேலான இடைவெளியில்தான் இருப்பதால், ஒரு நூற்றாண்டின் திடீர் ஏற்றத்தை அங்கே தேடக் கூடாது.

ஆழத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். துளை 3,623 மீட்டர் போனது. பருவநிலைப் பதிவோ 3,310 மீட்டரில், சுமார் 4,20,000 ஆண்டில் முடிகிறது. அதற்குக் கீழே அடுக்குகள் குலைந்து கிடக்கின்றன. சுமார் 3,540 மீட்டருக்குக் கீழே இருப்பது வானத்திலிருந்து விழுந்த பனியே அல்ல, அடியிலுள்ள ஏரி நீர் உறைந்தது.