செகண்ட் ஹேண்ட் தண்டர்பேர்டை வீட்டில் மாற்றி அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்ததோடு ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்ட் 350-யின் காலம் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் மீட்டியார் 350 அதன் இடத்துக்கு வந்தது. ஆனாலும் பழைய தண்டர்பேர்டுக்கு இன்னும் மவுசு குறையவில்லை. 20 லிட்டர் டேங்க், முதுகு வலிக்காமல் உட்காரும் சீட், கார்புரேட்டர் வண்டி என்பதால் வீட்டு வாசலிலேயே பிரித்துப் பார்க்கலாம் என்ற தைரியம், எல்லாம் சேர்ந்து பலரை வாங்க வைக்கிறது. நான் வைத்திருப்பது 2013 மாடல். அதில் நான் செய்த தவறுகளும், என்னிடம் வண்டியைக் கொண்டுவந்து காட்டிய நண்பர்கள் செய்த தவறுகளும் ஏறக்குறைய ஒன்றேதான்.

முதல் தவறு அவசரம். வண்டி கைக்கு வந்த வாரமே சென்னையில் வண்டிச் சாமான் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டுக்குப் போய் சைலன்ஸர், ஹேண்டில்பார், லைட் என்று பை நிறைய வாங்கி வந்துவிடுகிறோம். அந்த வண்டியில் நமக்கு முன்னால் எத்தனை கை பட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை யாரோ மாற்றியிருக்கலாம், ஒயரிங்கை எங்கோ வெட்டி டேப் சுற்றியிருக்கலாம். அந்த நிலையில் புதுச் சாமான்களை மாட்டினால், நாளைக்கு வண்டி மக்கர் செய்யும்போது கோளாறு பழையதா, நாம் கொண்டுவந்ததா என்று பிரித்தறிய வழியே இருக்காது.

அதனால் முதலில் வண்டியைக் கம்பெனி நிலைக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் பேட், செயின், ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள கோன் செட் எல்லாவற்றையும் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும்; 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் பத்து வருட டயரை நம்பி வேகமாக ஓட்டக் கூடாது. சென்னை வண்டி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. சீட்டைக் கழற்றி ஒயர் கனெக்டர்களைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தாலோ, சேஸிஸ் குழாய் இடுக்கில் காய்ந்த சேறு இருந்தாலோ, லைட் மாற்றும் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு ஒயரிங்கைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். இந்த வேலைகளை முடித்து ஐந்நூறு கிலோமீட்டராவது ஓட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். எதை மாற்றினோம், என்று மாற்றினோம் என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

எஞ்சினில் கை வைக்கும் முன் அது எந்த எஞ்சின் என்று தெரிந்துகொள்ளுங்கள். புல்லட் என்றாலே வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளியை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும் என்பது பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின் காலத்து வழக்கம். தண்டர்பேர்டின் 346 சி.சி. யு.சி.இ. எஞ்சினில் (எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூடாக அமைந்தது) இருப்பது ஹைட்ராலிக் டேப்பட். எஞ்சின் ஆயிலின் அழுத்தத்திலேயே இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். கையால் அட்ஜஸ்ட் செய்ய அதில் எதுவும் இல்லை. "டேப்பட் சத்தம் வருது, டைட் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், வண்டியைக் கொடுக்கும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் குறைந்துபோன ஆயிலாகவோ கெட்டுப்போன ஆயிலாகவோ இருக்கும். ஆயில் பால் கலந்த காபி போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். விலை குறைவு என்பதற்காகக் கார் ஆயிலை ஊற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. இந்த வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே நனைந்து ஓடுகின்றன. பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் கிளட்சையும் வழுக்க வைத்துவிடும். டப்பாவில் இப்படி நனைந்து ஓடும் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாஸோ எம்.ஏ. என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது சைலன்ஸர் விஷயத்தில். சத்தம் கூடினால் சக்தியும் கூடிவிட்டதாகக் காதுக்குத் தோன்றும். ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், சைலன்ஸர் மூன்றும் ஒரே மூச்சின் மூன்று இடங்கள். ஒன்றைத் திறந்துவிட்டால் மற்ற இரண்டும் அதற்கேற்ப மாற வேண்டும். தண்டர்பேர்டின் கார்புரேட்டரில் ஆக்ஸிலேட்டர் கேபிள் அதற்குள் இருக்கும் பிஸ்டனை (எஞ்சின் பிஸ்டன் வேறு) நேரடியாகத் தூக்குவதில்லை. கேபிள் திறப்பது எஞ்சின் பக்கம் உள்ள ஒரு தகட்டை மட்டும்தான். எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிட அழுத்தம், மெல்லிய ரப்பர் டயஃப்ரம் வழியாகப் பிஸ்டனை மேலே தூக்குகிறது. ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரை மாட்டினால் அந்த அழுத்தக் கணக்கு கலைந்துவிடும். பிஸ்டன் சரியாக ஏறாமல், பாதி ஆக்ஸிலேட்டரில் வண்டி திக்கித் திணறும். பிறகு நாம் ஜெட்டைக் குறை சொல்வோம்.

புகையை அதிகத் தடையில்லாமல் வெளியே விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்ஸரை மட்டும் மாட்டி ஜெட்டைத் தொடாமல் விட்டால் பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவை எரியும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்ஸரில் பட் பட் என்று வெடிப்பதும், எஞ்சினிலிருந்து சைலன்ஸருக்குப் போகும் பெண்ட் பைப் எஞ்சினை ஒட்டிய இடத்தில் நீலம் பாய்வதும் அதன் அடையாளங்கள். காற்றில் மட்டும் குளிரும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இது. மே மாத வெயிலில் திருச்சி நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் அப்படி ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு படும் பாட்டை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய கார்புரேட்டர் செட்டிங்கில் கலவை ஏற்கெனவே சற்று மெலிந்துதான் இருக்கும். அதன்மேல் ஃப்ரீ ஃப்ளோவும் சேர்ந்தால் இரட்டைச் சுமை. இத்தனைக்கும் இந்த எஞ்சினின் அழகே 4000 ஆர்.பி.எம்.மில் கிடைக்கும் 28 நியூட்டன் மீட்டர் இழுவைதான். பொருந்தாத சைலன்ஸரை மாட்டிக் கீழ் ரேஸில் அந்த இழுவையை இழந்துவிட்டு, சத்தத்தை மட்டும் வாங்கி என்ன பயன்?

கார்புரேட்டரில் ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் ஸ்லோ ஸ்குரூவைத் திருகும்போது பொறுமை வேண்டும். வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் தொட வேண்டும். ஸ்குரூவை உள்ளே மெதுவாகத் திருகி, அது உட்காரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஏதாவது தப்பினால் திரும்பி வர அந்த எண் வேண்டும். உட்கார்ந்த பிறகும் இறுக்கினால் ஊசி முனை நசுங்கி, அதன் பிறகு எந்த அட்ஜஸ்ட்மென்டுக்கும் அது கேட்காது. கால் சுற்று திருகி, பத்து விநாடி காத்திருந்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு அடுத்த கால் சுற்றுக்குப் போங்கள். எஞ்சின் பக்கம் உள்ள ஸ்குரூ என்றால் வெளியே திருகத் திருகப் பெட்ரோல் கூடும். வேறு சில கார்புரேட்டர்களில் ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும் ஸ்குரூ காற்றுக்கானது. அதை வெளியே திருகினால் பெட்ரோல் குறையும். இந்த வித்தியாசம் தெரியாமல் எதிர்ப்பக்கம் திருகி நாள் முழுக்கப் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு திருகியும் ஐட்லிங் நிற்கவில்லையா? ஸ்குரூவை விட்டுவிட்டு கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பரைப் பாருங்கள். பத்து வருட வண்டியில் அது வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சின் ஓடும்போது அந்த ரப்பர்மேல் மட்டும் ஸ்பிரே பாட்டிலில் துளி தண்ணீர் தெளியுங்கள்; ரேஸ் மாறினால் அங்கே காற்று கசிகிறது. சில நூறு ரூபாயில் முடியும் வேலை. கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும்போது டயஃப்ரம் ரப்பரைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். கிளீனர் ஸ்பிரே பட்டால் அது ஊதிப்போகும். எல்லாம் முடிந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்கட் நிறம் நல்லது, கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பு போல வெளுத்தால் குறைவு. இந்த எஞ்சினுக்குப் பிளக் இரண்டு. கைக்கு எட்டும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்துவிடாதீர்கள்.

ஹேண்டில்பார் மாற்றம் பார்க்க எளிது, ஆனால் உயிரோடு விளையாடக்கூடியது. முதுகுவலிக்காக உயரமான ஹேண்டில்பார் ஒன்றை நானே மாட்டினேன். கேபிள் எட்டியது, பிரேக் பிடித்தது, சரியாகிவிட்டது என்று கிளம்பினேன். முதல் யூ டர்னில் ஹேண்டிலை முழுதாக வலப்பக்கம் ஒடித்ததும் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே ரேஸ் ஏறி வண்டி முன்னால் பாய்ந்தது. கிளட்சில் கை இருந்ததால் தப்பினேன். எதிரே ஒரு அம்மா குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்க நின்றிருந்தார். அந்த முகம் இன்றும் மறக்கவில்லை. பழைய ஆக்ஸிலேட்டர் கேபிளின் நீளம் போதாமல், ஹேண்டில் திரும்பியபோது அதுவே இழுபட்டுக் கார்புரேட்டர் தகட்டைத் திறந்திருக்கிறது.

ஆகவே ஹேண்டில்பார் மாற்றியதும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ரேஸ் இம்மியளவு மாறினாலும் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். நீளமான கேபிள் வாங்கி மாட்டுங்கள், அல்லது கேபிள் போகும் வழியை மாற்றுங்கள். ஃபோர்க் முழுதாக நீண்ட நிலையிலும், ஹேண்டில் முழுதாகத் திரும்பிய நிலையிலும் பிரேக் ஹோஸ் விறைக்கக் கூடாது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள ஒயர் கட்டும் அப்படித்தான். அது தினமும் இழுபட்டால் உள்ளுக்குள்ளேயே அறுந்து, ஓடுகிற வண்டி ஒருநாள் இரவில் நடுச்சாலையில் அணைந்துவிடும்.

லைட் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். 55 வாட் பல்பு இழுப்பது ஏறக்குறைய நாலரை ஆம்பியர். 100 வாட் போட்டால் எட்டுக்கு மேல். பழைய சுவிட்சும் மெல்லிய ஒயரும் அதைத் தாங்காமல் ஹோல்டர் உருகும். கூடுதல் லைட் எதுவானாலும் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே வழியாகத்தான் போக வேண்டும். மல்டிமீட்டரால் பேட்டரியை அளந்து பாருங்கள். ரேஸ் கொடுத்த நிலையிலும் 13.5 வோல்ட்டைத் தொடவில்லை என்றால் இருக்கிற லைட்டுக்கே சார்ஜிங் போதவில்லை.

போல்ட் இறுக்குவதில் கைப்பலத்தைக் காட்ட வேண்டாம். ஆயில் டிரெயின் போல்ட்டும் பிளக்கும் போய் உட்காருவது அலுமினியத்தில். ஒரு சுற்று அதிகம் இறுக்கினால் மரை போய்விடும். அப்புறம் லேத்துக்குத்தான் போக வேண்டும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிவிடுங்கள், சைலன்ஸர் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவில்லை. செயினை இறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிப் பல இடத்தில் தொய்வைப் பாருங்கள். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. மிகவும் இறுகிய இடத்தில்தான் அளவு வைக்க வேண்டும்.

கடைசியாகச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம் விதிக்கலாம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. டேங்க் நிறத்தை மாற்றினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

எனவே கழற்றிய கம்பெனிச் சாமான் எதையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். சைலன்ஸரின் உள்வாயில் துணி அடைத்து, எண்ணெய் தடவி, சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவையுங்கள். என் 2013 வண்டிக்கு 15 வருடம் முடிந்து 2028-இல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அன்றைக்கு ஆய்வாளர் முன்னால் போய் நிற்கப்போவது அந்தச் சைலன்ஸரை மாட்டிய வண்டிதான்.