பெற்றோரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

மதர், ஃபாதர் தெரியாதவர் யார்? ஆனால் விசா படிவமோ வெளிநாட்டுப் பள்ளி விண்ணப்பமோ கைக்கு வந்ததும் ஸ்டெப், ஃபாஸ்டர், கார்டியன் என்று ஒவ்வொன்றாகக் குழப்பத் தொடங்கும். முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த உறவு எதனால் வந்தது? பிறப்பாலா, திருமணத்தாலா, சட்டத்தாலா? அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: எழுத்தையும் பேச்சையும் பிரியுங்கள்

மதர், ஃபாதர் இரண்டும் படிவத்துக்குச் சரி. பேச்சில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அமெரிக்கர்கள் மாம் என்பார்கள், ஆங்கிலேயர்களும் ஆஸ்திரேலியர்களும் மம் என்பார்கள். இங்கிலாந்திலேயே பர்மிங்காம் பக்கம் மாம் கேட்கும். வேல்ஸிலும் நியூகாசில் பக்கமும் மேம். நம்மூரில் டீச்சரைக் கூப்பிடும் மேம் வேறு, இது வேறு. அப்பாவுக்கு இந்தத் தொல்லை குறைவு, பெரும்பாலும் எங்கு போனாலும் டாட் போதும்.

எழுதும்போது, நேரடியாகக் கூப்பிட்டால் முதல் எழுத்து பெரியது. முன்னால் 'மை' வந்தால் சிறியது.

படி 2: பேரன்ட் என்றால் ஒருவர்

அம்மா மட்டும் பள்ளிக்கு வந்தால் 'பேரன்ட்', இருவரும் வந்தால்தான் 'பேரன்ட்ஸ்'. தனியாகப் பிள்ளையை வளர்ப்பவர் சிங்கிள் பேரன்ட்.

படி 3: வளர்த்தவர் யார்?

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். வளர்ப்புத் தாய் என்று நாம் பொதுவாகச் சொல்வதை ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். சட்டப்படி தத்தெடுத்தவர் அடாப்டிவ் மதர். அது நிரந்தர உறவு. பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள அரசு அமைப்பு யாரிடம் ஒப்படைக்கிறதோ அவர் ஃபாஸ்டர் மதர், பெரும்பாலும் தற்காலிகம். நம் நாட்டின் 2015 சிறார் நீதிச் சட்டமும் இவற்றைத் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. ஆகவே படிவத்தில் மாற்றி எழுதாதீர்கள்.

பெற்றவளைத் தனியாகக் குறிக்க பர்த் மதர். 'ஓன் மதர்' நம்மூர் ஆங்கிலம், வெளியில் விழிப்பார்கள். வாடகைத் தாய் சரகேட் மதர்.

அப்பா மறுமணம் செய்துகொண்டால் வருபவர் ஸ்டெப்மதர். சட்டப்படி அவர் தானாகவே பெற்றோர் ஆகிவிடுவதில்லை, தத்தெடுத்தால்தான் உண்டு. அப்புறம், அம்மாவின் தங்கையும் நமக்குச் சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்தி. முதலாமவரை அறிமுகப்படுத்தும்போது ஆன்ட் என்று சொல்லுங்கள். ஸ்டெப்மதர் என்று வாய் தவறினால் உங்கள் அப்பாவுக்கு இன்னொரு கல்யாணமே நடந்துவிடும்.

பெற்றோர் இல்லாத இடத்தில் சட்டப் பொறுப்பு ஏற்பவர் கார்டியன். கிறிஸ்தவத் திருமுழுக்கில் பிள்ளைக்காகப் பொறுப்பேற்கும் ஞானத்தாய் காட்மதர், ஞானத்தந்தை காட்ஃபாதர். இவர்களுக்குச் சட்ட உரிமை எதுவும் கிடையாது.

படி 4: திருமணத்தால் வந்தவர்கள்

மாமியார் மதர்-இன்-லா, மாமனார் ஃபாதர்-இன்-லா. பன்மை கவனம்: 'ஸ்' மதரோடு சேரும், லாவோடு அல்ல. மதர்ஸ்-இன்-லா. 19ஆம் நூற்றாண்டு நாவல்களில் மதர்-இன்-லா என்பது மாற்றாந்தாயைக் குறிப்பதும் உண்டு. பழைய நாவல் படிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.

சம்பந்திக்கு ஆங்கிலத்தில் புழக்கத்தில் உள்ள ஒரு சொல் இல்லை. தேடி நேரத்தை வீணாக்காமல் 'மை டாட்டர்-இன்-லாஸ் பேரன்ட்ஸ்' என்று நீட்டிச் சொல்லிவிடுங்கள்.