தொழிற்சட்டம் பற்றி வர்த்தகர் சங்கம் தன் நிலைப்பாட்டை எழுதும் முறை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள வர்த்தகர் சங்கம் ஒன்று தொழிற்சட்டங்கள் பற்றிய தன் நிலைப்பாட்டை எழுத முற்பட்டால், கோரிக்கைகளைப் பின்னர் பார்த்துக்கொண்டு, முதலில் உறுப்பினர்களின் வரவுப் பதிவேடுகளையும் சம்பளக் கொப்பிகளையும் மேசைக்கு எடுப்பதே நல்லது.

அவற்றில் ஊழியர் தொகையை எண்ணுங்கள். ஒரு நிறுவனம் சட்டத்துக்குள் வருவதற்கான 15 ஊழியர் என்ற எல்லை இரண்டு சட்டங்களில் இருவேறு விதமாக எண்ணப்படுகிறது. ஊழியரைப் பணிநீக்கம் செய்வது தொடர்பான 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் முந்திய ஆறு மாதச் சராசரியைக் கணக்கிடுகிறது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்துக்கோ, முந்திய பன்னிரண்டு மாதங்களில் ஏதாவது ஒரு நாளில் 15 பேர் இருந்திருந்தாலே போதும். ஆண்டு முழுவதும் பத்துப் பேருடன் நடக்கும் சம்மாந்துறை அரிசி ஆலையொன்று, பெரும்போக அறுவடை வாரத்தில் மூடை இறக்க மேலும் ஐந்து பேரைச் சேர்த்தால், முதற்சட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டே இரண்டாவதற்குள் வந்துவிடக்கூடும். பருவகாலத் தொழில் நிறைந்த நம் பகுதிக்கு இதைவிட வலுவான வாதம் கிடைப்பது அரிது. எனவே அறிக்கையின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கலாம்.

வேலை நேரத்திலும் இதே நுணுக்கம் வேண்டும். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வாரத்துக்கு 45 மணித்தியாலமும், அதற்கு மேல் ஒன்றரை மடங்குக் கொடுப்பனவுடன் 12 மணித்தியால மேலதிக நேரமுமே எல்லை. பெருநாளுக்கு முந்திய வாரத்தில் நள்ளிரவுவரை திறந்திருக்கும் புடவைக்கடைக்கு எத்தனை மணித்தியாலம் போதாமல் போகிறது, அதற்கு ஈடாக ஊழியருக்கு எப்போது ஓய்வு தரப்படும் என்ற இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, “கூலி கூடினால் கடையை மூடவேண்டியதுதான்” என்ற வசனத்தை வெட்டிவிடுங்கள். அதை யாரும் நம்புவதில்லை. கணக்கைக் காட்டினால் போதும்: 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய், ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் சேர, தொழில்தருநருக்கு 34,500 ரூபாய் செலவாகிறது.

அரசும் தொழிற்சங்கங்களும் தொழில்தருநரும் ஒன்றாக அமரும் தேசிய தொழில் ஆலோசனைச் சபையை எட்டும்படி அறிக்கையை அனுப்புங்கள். ஊழியரிடம் பிடித்த 8 வீதத்தைச் சேமலாப நிதிக்குக் கட்டாத உறுப்பினர் எவராவது இருந்தால், அவர் நிலுவையைத் தண்டத்துடன் செலுத்திய பின்னரே கையொப்பமிடட்டும். தொழில் திணைக்களம் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.