பேஸ்பால் கையெழுத்து சேகரிப்பு: மையைப் பார்க்கும் முன் பந்தைப் பாருங்கள்

அமெரிக்க பேஸ்பால் ஜாம்பவான்களில் பேப் ரூத் இறந்தது 1948 ஆகஸ்ட் 16. லூ கெரிக் 1941 ஜூன் 2. சேகரிப்பில் இறங்குவதற்கு முன் இந்த மாதிரித் தேதிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பின்னால் உங்கள் பணத்தைக் காப்பாற்றப்போவது இவைதான்.

படி 1: ரூத்தில் ஆரம்பிக்காதீர்கள்

அவர் கையெழுத்துப் பந்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். கால் ரிப்கன், ஜானி பெஞ்ச் போன்ற ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பாலின் கௌரவப் பட்டியல்) ஆட்டக்காரர்கள் நிறையக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். விலையும் எட்டும் தூரம்தான்.

படி 2: நேரில் வாங்குங்கள்

பிப்ரவரி, மார்ச்சில் ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி ஆட்டங்கள் நடக்கும். காலையிலேயே போய் வேலியோரம் நின்றால் இளம் ஆட்டக்காரர்கள் சிக்குவார்கள். பழைய ஜாம்பவான்கள் வேண்டுமென்றால் ஜூலையில் கூப்பர்ஸ்டவுன், ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம் இருக்கும் ஊர். ஹால் ஆஃப் ஃபேம் விழா வார இறுதியில் மெயின் ஸ்ட்ரீட் கடைகளில் அவர்களே உட்கார்ந்து, காசு வாங்கிக்கொண்டு போட்டுத் தருவார்கள்.

பந்துக்கு நீல பால்பாயிண்ட் பேனாதான். ஷார்பி மார்க்கர் பேனா பந்தின் தோலில் ஊறிப் பரவிவிடும். அதைப் புகைப்படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பந்தில் இரண்டு தையல்களும் நெருங்கி வரும் இடத்தில், அச்சு எதுவும் இல்லாத பக்கத்தை மேலே வைத்து நீட்டுங்கள். அதற்குத்தான் 'ஸ்வீட் ஸ்பாட்' என்று பெயர். உங்கள் பெயரையும் எழுதச் சொன்னால் மறுவிற்பனை விலை குறையும். விற்கவா வாங்குகிறோம்? நான் எழுதச் சொல்லிவிடுவேன்.

படி 3: பழைய பந்து என்றால் திருப்பிப் பாருங்கள்

ஒரு கண்காட்சியில் ரூத் கையெழுத்து என்று ஒரு பந்தை என் கையில் கொடுத்தார்கள். அழகான எழுத்து, மை கொஞ்சம் வெளிறி, நம்பும்படியாகத்தான் இருந்தது. திருப்பினேன். 'வாரன் ஜைல்ஸ்' என்று அச்சு. அமெரிக்காவின் இரண்டு பெரிய பேஸ்பால் லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகுக்கு ஜைல்ஸ் தலைவரானது 1951இல். ரூத் கல்லறையிலிருந்து எழுந்து வந்துதான் போட்டிருக்க வேண்டும்!

1999 வரை நேஷனல், அமெரிக்கன் என்ற அந்த இரண்டு லீகுகளுக்கும் தனித்தனிப் பந்து. அந்தந்தத் தலைவரின் பெயர் அதில் அச்சாகியிருக்கும். அமெரிக்கன் லீக் பந்தில் ஜோ க்ரோனின் பெயர் இருந்தால் அது 1959க்குப் பிந்தியது. முதலில் இதைப் பாருங்கள், எழுத்தின் வளைவு நெளிவெல்லாம் அப்புறம்.

அடுத்தது பேனா. பால்பாயிண்ட் அமெரிக்கக் கடைக்கு வந்தது 1945 அக்டோபரில். ஆகவே பால்பாயிண்டில் கெரிக் கையெழுத்து என்றால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். ஷார்பி 1964இல்தான் வந்தது.

படி 4: சான்றிதழ்

1990களின் பிற்பகுதியில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் ஒரு போலிக் கும்பலைப் பிடித்தது. சிக்கிய சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பாலும் இருந்தது! விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழ் வடை மடிக்கக்கூட உதவாது.

இரண்டு லீகுகளும் சேர்ந்த மேஜர் லீக் 2001இல் தொடங்கிய ஹோலோகிராம் ஸ்டிக்கர் திட்டத்தில், கையெழுத்துப் போடும்போதே ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்திருப்பார். ஒட்டியிருக்கும் எண்ணை லீகின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் நிறுவனங்கள் தருவது பிற்பாடு பார்த்துச் சொல்லும் கருத்து. பழைய ஆட்டக்காரர்களுக்கு வேறு வழியில்லை, அதை வைத்துத்தான் வாங்க வேண்டும். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல.

படி 5: வெயில் படாமல் வையுங்கள்

என் முதல் பந்தை ஜன்னலோர அலமாரியில் பெருமையாக வைத்திருந்தேன். இரண்டு கோடையில் நீல மை சாம்பலாகிவிட்டது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் பெட்டி வாங்குங்கள், அதையும் நிழலில் வையுங்கள். கையெழுத்தின் மேல் விரல் வைக்காதீர்கள்.

பழைய பந்து மஞ்சளாகப் பளபளத்தால் பெரும்பாலும் ஷெல்லாக் என்ற வார்னிஷ் பூசியதாக இருக்கும். அந்தக் காலத்தில் பாதுகாப்பு என்று நினைத்துப் பூசினார்கள். சுரண்டி எடுக்கப் போகாதீர்கள். மையும் கூடவே வந்துவிடும்.